பையனுக்கும் ஒரு துண்டு கேக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிறிஸ்துமஸ் பலகாரம் பற்றித்தான். அதில் ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப் போகிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதைச் சுற்றியேதான் இருக்கிறது, பின்னாலேயே வருகிறது.

கேள்வி: அக்கா, கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் 22 பேர் கூடுகிறோம். கொழுந்தனார் குடும்பம் புனேயிலிருந்து வருகிறது. அவர்களுடைய ஒன்பது வயதுப் பையனுக்கு சீலியாக் இருப்பதாகப் போன வருஷம் கண்டுபிடித்தார்கள், கோதுமை, மைதா எதுவும் ஆகாது. ஈஸ்டருக்கு வந்திருந்தபோது எல்லாரும் கேக் சாப்பிட, அவன் மட்டும் ஒரு வாழைப்பழத்தை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு மனசே ஆறவில்லை. சாக்லேட் என்றால் அவனுக்கு உயிர். நான் கேக் செய்வதில் கைதேர்ந்தவள் இல்லை, இருப்பதும் சின்ன ஓவன்தான். மைதாவுக்குப் பதில் எந்த மாவு போட்டால் கேக் நன்றாக வரும்?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: எந்த மாவும் போடாதீர்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பையனுக்கு ஆகாதது குளூட்டன், அது கோதுமையிலும் பார்லியிலும் ரை தானியத்திலும் இருக்கிற புரதம். கோதுமை மாவில் தண்ணீர் பட்டுப் பிசையும்போது ஜவ்வு மாதிரி இழுபடுகிறதே, அது இந்தக் குளூட்டன்தான். மைதா கேக்கிலிருந்து மைதாவை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் அரிசி மாவைப் போட்டால், கேக் வெட்டும்போதே உதிர்ந்து போகும், வாயில் வைத்தால் நறநறவென்றிருக்கும். அதைச் சரிசெய்ய நாலு வகை மாவு கலந்து, சாந்தன் கம் என்று ஒரு பொடியைத் தேடி வாங்கி, இரண்டு தடவை செய்து பார்த்து, மூன்றாவது தடவை ஒருவழியாக வரும். 22 பேருக்குச் சமைக்கிற வீட்டில், அதுவும் டிசம்பர் 24-ஆம் தேதி, இந்த வேலை எதற்கு?

மாவே தேவைப்படாத கேக் என்று ஒரு சாதியே இருக்கிறது. இத்தாலியில் காப்ரி தீவில் தோர்த்தா காப்ரேசே என்று ஒன்று செய்வார்கள், பாதாம் பொடி, சாக்லேட், வெண்ணெய், சர்க்கரை, முட்டை, அவ்வளவுதான். மாவு போட மறந்துபோன ஒரு சமையல்காரரால் பிறந்தது என்று அதற்கு ஒரு கதையும் சொல்கிறார்கள். நான் அந்தக் கதையை நம்பவில்லை, கேக் மட்டும் பிரமாதம். இத்தாலி வரைக்கும் எதற்குப் போக வேண்டும், நம் தூத்துக்குடி மக்ரூன் என்ன? முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. அதிலும் மாவு கிடையாது. (ஆனால் பேக்கரியில் வாங்கிப் பையனுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதே அடுப்பில், அதே தட்டில் மைதா பிஸ்கட்டும் வேகும்.)

சரி, கேக்குக்கு வருவோம். டார்க் சாக்லேட் 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 4, இனிப்பில்லாத கோகோ பொடி 40 கிராம், உப்பு இரண்டு சிட்டிகை. சாதாரண உப்பு வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறது என்றால் அதையே போடுங்கள், தனியாக உப்பு வேண்டாம். 8 அங்குல வட்ட டின் ஒன்றுக்கு இது சரியான அளவு. முட்டை அடிக்கிற பீட்டர் வேண்டாம், பேக்கிங் பவுடர் வேண்டாம், ஒரு பெரிய கிண்ணமும் ஒரு கரண்டியும் போதும்.

சாக்லேட்டை நறுக்கி வெண்ணெயோடு ஒரு பாத்திரத்தில் போட்டு, கீழே கொதிக்கிற தண்ணீர் இருக்கும் பாத்திரத்தின் மேல் வையுங்கள், தண்ணீர் மேல் பாத்திரத்தைத் தொடக் கூடாது. இந்த இடத்தில் ஒரு விஷயம். சாக்லேட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரோ ஈரக் கரண்டியோ போனால் பளபளவென்று உருகிக்கொண்டிருந்தது திடீரென்று இறுகி, ஈர மணல் மாதிரி ஆகிவிடும். கெட்டுப்போய்விட்டது என்று நிறைய பேர் கொட்டிவிடுகிறார்கள். கெடவில்லை. சாக்லேட்டில் இருக்கும் சர்க்கரையும் கோகோத் துகளும் அந்தத் துளி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அதுதான் சங்கதி. வெண்ணெயும் கூடவே உருகுவதால் இந்தக் கேக்கில் அந்தப் பயம் குறைவு, இருந்தாலும் பாத்திரத்தைத் துடைத்துவிட்டே தொடங்குங்கள். முழுக்க உருகும் வரை காத்திருக்காமல் கால்வாசி கட்டியாக இருக்கும்போதே இறக்கிவிட்டால் மீதி அந்தச் சூட்டிலேயே கரைந்துவிடும்.

இறக்கியதும் சர்க்கரையைப் போட்டுக் கலக்குங்கள். கெட்டியான பில்டர் காபி டிகாஷன் ஒரு ஸ்பூன் விட்டால் காபி வாசனை தெரியாது, ஆனால் சாக்லேட் இன்னும் சாக்லேட்டாக இருக்கும், இது நான் எல்லாச் சாக்லேட் பலகாரத்திலும் செய்வது. இப்போது பாத்திரத்துக்குள் விரலை வைத்துப் பாருங்கள். பத்து எண்ணும் வரை விரல் சுடாமல் இருந்தால்தான் முட்டை. அதற்கு முன்னால் ஊற்றினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும், அதுவும் சாக்லேட் நிறத்தில். முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, ஒன்று கலந்ததும் அடுத்தது. நுரைக்க அடிக்காதீர்கள், சும்மா கலந்தால் போதும். நாலாவது முட்டை கலக்கும்போது மாவுக் கலவை மினுமினுவென்று கெட்டியாகி கரண்டியிலிருந்து ரிப்பன் மாதிரி விழும். (மாவே இல்லாத மாவுக் கலவை, வேறு சொல் எனக்கு வரவில்லை.) கடைசியாகக் கோகோவைச் சலித்துப் போட்டு, கட்டி இல்லாமல் கலந்து, பட்டர் பேப்பர் போட்ட டின்னில் ஊற்றுங்கள்.

ஓவன் என்றால் 180 டிகிரி, 25 நிமிஷம். சின்ன ஓவனில் மேல் கம்பி பக்கத்திலேயே இருப்பதால் 170 வைத்து இரண்டு மூன்று நிமிஷம் கூடுதலாக விடுங்கள், கருகாது. குச்சி விட்டுப் பார்த்து ஒட்டாமல் வர வேண்டும் என்ற நம் பழைய கணக்கு இங்கே செல்லாது. குச்சி சுத்தமாக வந்தால் கேக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஓரம் கெட்டியாகி, மேலே மெல்லிய ஓடு மாதிரி வந்து, டின்னை லேசாக ஆட்டினால் நடு மட்டும் கொஞ்சம் தளதளவென்று அசையும்போது எடுத்துவிட வேண்டும். ஆறும்போது நடுப்பகுதி அமுங்கும், மேலே வெடிக்கும், அது தப்பில்லை, இந்தக் கேக் அப்படித்தான். முதல் தடவை செய்கிறவர்கள் இதைப் பார்த்துத்தான் பாழாகிவிட்டது என்று எனக்கு எழுதுகிறார்கள்.

ஓவனில் அன்றைக்கு வேறு ஏதாவது வெந்துகொண்டிருக்கிறது என்றால் இட்லிப் பானையே போதும். டின்னை மேலே அலுமினியத் தாளால் இறுக மூடி (மூடியிலிருந்து தண்ணீர் சொட்டினால் எல்லாம் போச்சு), மிதமான ஆவியில் 40 நிமிஷம். மேலே அந்த ஓடு வராது, ஆனால் உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும். இந்த மாதிரி கேக்கை ஓவனிலேயே சுடுதண்ணீர்த் தட்டில் வைத்து வேகவைக்கிறவர்கள் உண்டு, நம் இட்லிப் பானை அந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்கிறது.

முதல் நாளே செய்துவிடுங்கள். டின்னிலேயே முழுக்க ஆறவிட்டு, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் வெட்ட வரும், ருசியும் கூடும். 16 மெல்லிய துண்டு வரும், பெரிய துண்டாக யாராலும் சாப்பிட முடியாது, அவ்வளவு கனம். 22 பேருக்கு இரண்டு டின் செய்தால் பையன் கேட்கும்போது இரண்டாவது துண்டும் இருக்கும்.

இப்போது முக்கியமான பகுதி. உண்மையில் செய்முறையைவிட இதுதான் முக்கியம். சீலியாக் உள்ள பிள்ளைக்குக் கொஞ்சமே கொஞ்சம் மைதா உள்ளே போனாலும் சிறுகுடலின் உட்சுவர் புண்படும், அன்றைக்கு வயிறு வலித்தாலும் வலிக்காவிட்டாலும். ‘ஒரு நாள் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்’ என்று வீட்டில் ஒரு பெரியவர் நிச்சயம் சொல்வார், அவரை நீங்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நானே தப்பு செய்தவள்தான். பல வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு குழந்தைக்காக எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, கடைசியில் கோகோவை எந்தச் சல்லடையில் சலித்தேன் தெரியுமா, தினமும் கோதுமை மாவு சலிக்கிற சல்லடையில். கேக்கை ஓவனில் வைத்த பிறகு சிங்க்கில் சல்லடையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கம்பி வலையின் ஓரத்து மடிப்பில் வெள்ளையாக மாவு, எத்தனை தேய்த்தாலும் போகாத இடம். அந்தக் கேக்கை நாங்கள் சாப்பிட்டோம், குழந்தைக்கு ஐஸ்கிரீம் வாங்கப் பார்த்தால் அதன் டப்பாவிலும் பிஸ்கட் துண்டு. அன்றைக்கு அந்தப் பிள்ளையின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அவருக்கு இது பழகிப்போயிருந்தது.

ஆகவே, புதுச் சல்லடை ஒன்று வாங்குங்கள், டீ வடிகட்டியே போதும். மரக்கரண்டி வேண்டாம், அதன் பிளவில் பழைய மாவு தங்கும், எவர்சில்வர் கரண்டி நல்லது. டின்னில் வெண்ணெய் தடவி மைதா தூவுகிற கைப்பழக்கம் இருக்கிறதே, அதை மறக்காமல் மறந்துவிடுங்கள், கோகோ தூவுங்கள். கல்கலுக்கு மாவு பிசைகிற நாளில் இந்தக் கேக்கைச் செய்யாதீர்கள், மைதா காற்றில் பறந்து எல்லாவற்றின் மேலும் உட்காரும். கேக்கைத்தான் முதலில், சுத்தமான மேடையில்.

கடையில் வாங்கும்போது சாக்லேட் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சாக்லேட்டும் கோகோவும் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவைதான், ஆனால் வேஃபர் சாக்லேட் செய்கிற அதே இயந்திரத்தில் செய்திருந்தால் கோதுமை இருக்கலாம் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். மால்ட் என்ற சொல் எங்கே வந்தாலும் அது பெரும்பாலும் பார்லி, வைத்துவிடுங்கள். கோகோ பொடிக்குப் பதிலாகப் பாலில் கலக்கிற சாக்லேட் பானப் பொடியைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில், அதில் பலவற்றில் மால்ட் இருக்கிறது. குளூட்டன் இல்லை என்று அச்சடித்த பாக்கெட் கிடைத்தால் நிம்மதி, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இல்லாமல் இருந்தால்தான் நம் நாட்டு உணவுச் சட்டப்படி அப்படிப் போட முடியும்.

மேஜையில் என்ன ஆகும் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். யாராவது பிளம் கேக் வெட்டிய கத்தியாலேயே இதையும் வெட்டுவார்கள், நிச்சயம். அதனால் இரண்டு டின்னில் ஒன்றை மேஜைக்கே கொண்டுவராதீர்கள், பையனுக்கு உள்ளேயிருந்து எடுத்துக் கொடுங்கள். மற்றபடி இது அவனுக்கான தனிக் கேக் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். எல்லாருக்கும் சாக்லேட் கேக், அதில் அவனுக்கும் ஒன்று.

இன்னொன்று, கேக்குக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் கேட்காமலே சொல்கிறேன்: அன்றைய ரசத்துக்கும் சாம்பாருக்கும் போடுகிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாமியார் முட்டை தொட மாட்டார், மகளுக்கு டாக்டர் கோதுமை வேண்டாம் என்றிருக்கிறார். புத்தாண்டுக்கு இரண்டு பேரும் சாப்பிடுகிற மாதிரி, அடுப்பு வேலை அதிகம் இல்லாமல் சாக்லேட்டில் ஏதாவது?
- வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: சாக்லேட்டும் தண்ணீரும் போதும். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது என்று பயமுறுத்திவிட்டு இங்கே தண்ணீர் ஊற்றச் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். ஒரு சொட்டுதான் ஆபத்து, நிறைய ஊற்றினால் ஆபத்தில்லை. எர்வே திஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1995-இல் சொல்லிக்கொடுத்த வித்தை இது. 70 சதவீதக் கோகோ உள்ள டார்க் சாக்லேட் 200 கிராம், தண்ணீர் 180 மில்லி. 55 சதவீதம்தான் கிடைத்தது என்றால் தண்ணீரை 150 மில்லியாகக் குறையுங்கள். சூடான தண்ணீரில் சாக்லேட்டைக் கரைத்து, அந்தப் பாத்திரத்தை ஐஸ்கட்டி நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் உட்காரவைத்து மத்தால் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் மூன்று நிமிஷம் ஒன்றுமே நடக்காது, வெறும் சாக்லேட் தண்ணீரை அடித்துக்கொண்டிருப்பீர்கள், கை வலிக்கும், என்னைத் திட்டுவீர்கள். அப்புறம் நிறம் கொஞ்சம் வெளுக்கும், மத்துக்குப் பின்னால் கோடு விழும். கோடு அழியாமல் நின்ற அந்த நொடியில் நிறுத்திவிடுங்கள், இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் ரவை ரவையாகத் திரிந்துவிடும். திரிந்தாலும் பாதகமில்லை, திரும்ப உருக்கி இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு முதலிலிருந்து அடிக்கலாம். கெட்டியாகவே ஆகவில்லை என்றால் தண்ணீர் கூடிவிட்டது, உருக்கி இரண்டு மூன்று துண்டு சாக்லேட் சேருங்கள். விலை குறைவு என்று காம்பவுண்ட் சாக்லேட் வாங்காதீர்கள், அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும், நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும். வறுத்த முந்திரியும் மாதுளை முத்தும் மேலே போட்டுச் சின்னக் கிண்ணங்களில் வையுங்கள்.

மகளுக்கு டாக்டர் வேண்டாம் என்றது பரிசோதனைக்குப் பிறகா முன்பா என்று நீங்கள் எழுதவில்லை. ரத்தப் பரிசோதனை இன்னும் எடுக்கவில்லை என்றால், கோதுமையை நிறுத்திவிட்டு எடுத்தால் முடிவு சரியாகத் தெரியாது, அதை மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கேழ்வரகு மாவில் சாக்லேட் கேக் செய்தால் குளூட்டன் கிடையாதுதானே? எங்கள் தெருவிலேயே மில் இருக்கிறது, புதிதாக அரைத்து வாங்கலாம்.
- வாசகர், தருமபுரி

பதில்: கேழ்வரகில் கிடையாது. மில்லில் உண்டு. உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார், அதன் மிச்சம் உங்கள் பையில்தான் முதலில் விழும். சும்மா சத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் தாராளமாக மில்லுக்குப் போங்கள். சீலியாக் உள்ளவருக்கு என்றால் கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். கேழ்வரகின் மண்வாசனையும் சாக்லேட்டும் நல்ல ஜோடி, இருந்தாலும் கேக்கைவிட அது பர்ஃபிக்குத்தான் பொருத்தம் என்பது என் கட்சி.

கேள்வி: எக்லெஸ் கேக் என்றால் குளூட்டன் இல்லாததா?
- வாசகி, சேலம்

பதில்: இல்லை. முட்டை இல்லை, அவ்வளவுதான். மைதா முழுசாக இருக்கிறது.

கேள்வி: மாவில்லாத சாக்லேட் கேக்கை இங்கே செய்து மதுரையிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் கொண்டுபோக முடியுமா? எத்தனை நாள் தாங்கும்?
- வாசகி, மதுரை

பதில்: முடியும். டின்னிலிருந்து எடுக்காமல், ஃப்ரிட்ஜில் நன்றாக இறுகியதும் டின்னோடு அலுமினியத் தாளில் சுற்றி, பழைய தினத்தாளை நாலு மடிப்பாகச் சுற்றிக் கட்டுங்கள், காலையில் இறங்கும்போதும் குளிர்ச்சி கொஞ்சம் இருக்கும். டிக்கியில் போடாதீர்கள், இன்ஜின் சூடு. மடியிலோ காலடியிலோ சமமாக வையுங்கள். போனதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் நாலு நாள் தாராளமாக இருக்கும். கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்து ஒரு துண்டு, மறுபடி முக்கித் துடைத்து அடுத்த துண்டு, அப்போதுதான் ஓரம் நொறுங்காமல் வரும். சாப்பிடுவதற்கு இருபது நிமிஷம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் போதும், சென்னை வெயிலுக்கு அதுவே அதிகம்.